மூளையே சுரக்கிறது என்னும் வாதம்

“கஞ்சாவை ஒத்த வஸ்துவை நம் மூளையே சுரக்கிறது, ஆகவே அது இயற்கைக்கு விரோதமன்று” என்று நண்பர் எழுதியதில் முற்பாதி உண்மை, பிற்பாதி அதிலிருந்து பிறப்பதன்று. கஞ்சாவின் போதைச் சத்தாகிய டி.எச்.சி.யை 1964-இல் சகாவுடன் பிரித்தெடுத்த ரஃபேல் மெக்கூலத்தின் ஜெருசலேம் ஆய்வுக்கூடத்தில்தான், 1992-இல், மூளை சுரக்கும் ஆனந்தமைடும் கண்டறியப்பட்டது. நரம்பணு ஒன்று, தன்னை வந்தடையும் சமிக்ஞை மிகும்போது, அவ்வேளையில் மட்டும் அதை உண்டாக்கிப் பின்னோக்கி அனுப்பி, சமிக்ஞை விடுத்த அணுவைச் சற்றே அடக்குகிறது. காரியம் முடிந்ததும் ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடுகிறது. புகையாக உட்புகும் டி.எச்.சி.யோ, இடமும் காலமும் பாராமல், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் முதல் அசைவைச் சீர்செய்யும் சிறுமூளை வரை ஒருங்கே பற்றி, மணிக்கணக்கில் நீங்காதிருக்கிறது. அதனாலன்றோ, பேசத் தொடங்கியவன் வாக்கியத்தின் நடுவிலேயே அதன் தொடக்கத்தை மறந்து விழிக்கிறான்?

இந்த நியாயம் செல்லுமானால், அபினியை ஒத்த எண்டார்பின்களை உடலே சுரப்பதால், அபினியும் நிரபராதியாகிவிடும். கஞ்சா அபினியைப்போல் மூச்சை அடக்கிக் கொல்வதில்லை என்பது மெய்யே. ஆயினும், பதினைந்து வயதுப் பிள்ளையின் மூளை இன்னும் தன் இணைப்புகளைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறது. நண்பரின் கட்டுரையைப் படித்துத் தைரியம் கொள்ளப்போகிறவனும் அவனே.