குறைத்து மதிப்பிடாதீர்கள்

எங்கள் ஊர் கீரமங்கலத்தில் 81 அடி உயரச் சிவன் நிற்கிறார். எதிரே நக்கீரர். கதையை 'திருவிளையாடல்' படத்தில் பார்த்திருப்பீர்கள். பாட்டு எழுதியது யார் என்று பார்க்காமல் மார்க் போட்டவர். அந்த ஊர்க்காரனான நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. மறுபடி கன்று வைக்கணும், போர் போடணும். அப்பா வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் கேட்டார். மதிப்பில் 60 சதவீதம் தருவதாகச் சொல்லி, மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்பினார்கள். எங்களுக்குத் தேவை 15 லட்சம். ஆகவே வீடு 25 லட்சம் பெற வேண்டும். (பி.காம். படித்தது இதற்காவது உதவியது.)

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு வீடு முழுக்க நடந்தார். சமையலறையில் ஓதம் ஏறிய சுவரை விரலால் சுரண்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மோர் கொடுத்து மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஸார், கொஞ்சம் பார்த்துப் போடுங்க. மதிப்பு ஏறினா உங்களுக்கும் ஃபீஸ் ஏறுமில்ல?"

"தம்பி, வெல்த் டாக்ஸ் விதியில எங்க ஃபீஸுக்கு உச்சவரம்பு வெச்சிருந்தாங்க. முதல் 5 லட்சத்துக்கு அரை சதவீதம். அடுத்த 10 லட்சத்துக்கு 0.2. அதுக்கடுத்த 40 லட்சத்துக்கு 0.1. அந்த வரியையே 2015-ல எடுத்துட்டாங்க, அது வேற விஷயம். அந்தக் கணக்குல பார்த்தா 20 லட்சம்னு எழுதினா எனக்கு 5,000 ரூபாய். 25-ன்னு எழுதினா 5,500. ஐந்நூறு ரூபாய்க்கு லைசென்ஸை விக்கச் சொல்றீங்களா?"

மோர் எனக்கும் தேவைப்பட்டது.

பேச்சை மாற்ற, நானே ஒரு லைசென்ஸ் எடுத்தால் என்ன என்று கேட்டேன். கம்பெனிச் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த விதிகளை விரல் விட்டுச் சொன்னார். நிலம், கட்டடம் என்றால் சிவில் இன்ஜினீயரிங் மாதிரி ஒரு டிகிரி, ஐந்து வருஷ அனுபவம், 50 மணி நேர வகுப்பு, அப்புறம் பரீட்சை. விண்ணப்பத்துக்கு 5,000 ரூபாய். வாடிக்கையாளர் வசதிக்குத் தகுந்தபடி மதிப்பு எழுதக் கூடாது என்று நடத்தை விதியே இருக்கிறதாம். (அமெரிக்காவில் சேமிப்பு வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்ததில் இந்த மாதிரி 'வசதியான' மதிப்புகளுக்கும் பங்குண்டு. 1989-ல்தான் சட்டம் போட்டு லைசென்ஸ் கேட்க ஆரம்பித்தார்கள்.)

"பி.காமுக்கு ஒண்ணும் இல்லையா ஸார்?"

"டேப்போட அந்த நுனியைப் பிடிக்கலாம்."

அறிக்கையில் 20 லட்சம் என்றே வந்தது. கடன் 12. போர் போட்டதில் கணிசமாகப் போய்விட, பாதித் தோப்புக்குத்தான் கன்று வாங்க முடிந்தது. மீதிப் பாதியைக் கடக்கும்போதெல்லாம் அப்பா என்னைப் பார்ப்பார். நான் அவரைத் திட்டுவேனா, மதிப்பீட்டாளரைத் திட்டுவேனா? ஓதம் ஏறிய சுவர் எங்களுடையதுதானே.

அன்று கிளம்பும்போது கோயிலைப் பார்க்கணும் என்றார். வண்டியில் அழைத்துப் போனேன். சிவனை அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

"81 அடி ஸார்" என்றேன் பெருமையாக.

"யார் அளந்தது?" என்றார்.