ஜேசிஎல் வரலையா? தப்பு உங்க மேல இல்ல!

மெயின்ஃப்ரேம்ல ஆணி புடுங்குற மக்கள் கோவிச்சுக்காதீங்க, நானும் அந்தக் கூட்டம்தான். இன்ஜினியரிங் முடிச்சதுலேர்ந்து ராத்திரி பேட்ச் ஜாப் ஓடுறதைக் காவல் காக்குறதுதான் பொழப்பு. தெரியாதவங்களுக்கு: எந்த புரோகிராமை எந்த வரிசையில ஓட்டணும், முடிஞ்சதும் ஃபைலை வச்சுக்கணுமா அழிக்கணுமான்னு மெஷினுக்குச் சொல்றதுதான் ஜேசிஎல். ஐபிஎம் 1964ல அறிவிச்ச சிஸ்டம்/360 காலத்துச் சரக்கு.

போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒரு அவசரத் திருத்தம் பண்ணினா. முந்தின ஸ்டெப்போட ரிட்டர்ன் கோட் 4க்கு மேல போனா அடுத்த ஸ்டெப் ஓடக் கூடாது. அதுக்கு காண்ட்=(4,ஜிடி)ன்னு எழுதினா. ஜிடின்னா 'கிரேட்டர் தேன்'. நீங்களா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவீங்க. ஆனா ஜேசிஎல் அதை 'ரிட்டர்ன் கோடை விட 4 பெரிசா இருந்தா தாண்டிப் போ'ன்னு படிக்கும். ரிட்டர்ன் கோட் 0. 4 பெரிசு. தாண்டிப் போயிடுச்சு! ஜாப் சமர்த்தா 0ல முடிஞ்சது, எல்லாம் பச்சை. காலையில கிளையண்டுக்கு ஃபைல் போகல. டேமேஜர் பத்து பேர் முன்னாடி 'கேர்லெஸ்'னு சொன்னாரு.

கேர்லெஸ் யாருங்க? ஒரு ஸ்டெப் எப்ப ஓடணும்னு கேக்காம, எப்ப ஓடக் கூடாதுன்னு தலைகீழா கேக்குற மொழியா, அவளா?

இன்னும் இருக்கு. கமாவுக்கு அப்புறம் தெரியாம ஒரு ஸ்பேஸ் விட்டா அந்த வரியில மிச்சம் எல்லாம் கமெண்ட். 71வது இடத்தோட நிறுத்திக்கணும், ஏன்னா பஞ்ச் கார்டு அப்படி. வெறுமனே ஒரு ஃபைலை உருவாக்கவோ அழிக்கவோ கூட ஒரு புரோகிராமை ஓட்டியாகணும். அதுக்காகவே ஒண்ணுமே செய்யாத ஐஇஎஃப்பிஆர்14னு ஒண்ணு இருக்கு. முதல்ல அதுல ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன்தான். ரிட்டர்ன் கோடை 0 ஆக்க மறந்துட்டாங்கன்னு அதுக்கும் பக் ஃபிக்ஸ் :-)

இதை நான் மட்டும் சொல்லல. ஓஎஸ்/360க்குத் தலைமை தாங்கின ஃப்ரெட் ப்ரூக்ஸே (2022ல மறைஞ்சாரு) உலகத்துலயே மோசமான மொழி இதுதான்னு சொல்லியிருக்காரு. காரணம், அவங்க இதை மொழின்னே நினைக்கல. நாலு கண்ட்ரோல் கார்டுதானேன்னு விட்டுட்டாங்க. இன்னிக்கு யாமல் ஃபைலைக் காட்டி 'இது புரோகிராம் இல்லப்பா, வெறும் கான்ஃபிகரேஷன்'னு சொல்ற நவீன மக்களே, சிரிக்காதீங்க. உங்களுக்கும் அதே ஸ்பேஸ் கதைதானே?

நல்லதும் சொல்லிடுறேன். ஜாப் பாதியில செத்தா ஃபைலை என்ன பண்ணணும்னு டிஸ்ப்ல முன்கூட்டியே எழுதி வைக்கலாம், விழுந்த ஸ்டெப்லேர்ந்து மறுபடி ஓட்டலாம். அதுக்கு ஒரு கும்பிடு.

ஆனா சீனியருங்க 'நாங்களும் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டோம்'னு பெருமையடிக்கிறதைத்தான் தாங்க முடியல. அடிபட்டவங்க அந்தப் பள்ளத்தை மூடியிருக்கலாமே? ஜேசிஎல்லுக்கு இஃப்-தென்-எல்ஸ் வந்து எத்தனையோ வருஷமாச்சு. இன்னிக்கும் பழைய ஜாபைக் காப்பி பண்ணி, பேரை மாத்தி, காண்டை மட்டும் தொடாம விடுறோம். தொட பயம்!

அந்த ஜாப்ல இருக்கற 14 காண்டையும் இஃப்பா மாத்தித் தரோம்னு நானும் அந்தப் பொண்ணும் மெயில் போட்டு மூணு வாரம் ஆச்சு. 'ஓடுறதை ஏம்ப்பா நோண்டுற'ன்னு பதில் வந்திருக்கு.