திங்கட்கிழமை நெஞ்சடைப்பு

இது கொஞ்சம் நீளமான பதிவு. டாக்டராக இருக்கும் என் மாணவர்கள் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும்.

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டிலிருந்த ஒரு பெண் திரும்பி, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னிடம் பத்தாவது படித்துவிட்டு மில்லுக்குப் போன பெண். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேசும்போது நடுவில் நடுவில் மூச்சு வாங்கியது.

"என்னம்மா செய்யுது?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை லீவுல நல்லாத்தான் சார் இருக்கேன். திங்கக்கிழமை உள்ள போனாப் போதும், நெஞ்சைப் பிடிச்சு அமுக்குது. முன்னெல்லாம் செவ்வா, புதன்ல சரியாயிரும். இப்ப வாரம் பூரா இருக்கு."

ஆஸ்துமா என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "டாக்டர் என்ன வேலை பாக்கிறன்னு கேட்டாரா?" என்றேன். "கேக்கல சார். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு மட்டும் சொன்னாரு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

நான் டாக்டர் இல்லை, உயிரியல் வாத்தியார்தான். அந்தப் பெண்ணுக்கு இன்ன நோய் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு அடைப்பது பஞ்சுத் தூசு நோயின் பழைய அடையாளம். பிசினோசிஸ் என்று அதற்குப் பெயர். ஆரம்பத்தில் தூசியை விட்டு விலகினால் தேறிவிடலாம். வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் திரும்பாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இதற்கென்று தனி அடையாளம் தெரியாது. நோயாளியிடம் கேட்டால்தான் தெரியும்.

இத்தாலியில் ராமஸ்ஸினி என்று ஒரு டாக்டர். தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் கேள் என்று சொன்னார். முந்நூறு வருஷம் ஆகியும், மில் சங்கு ஊதி எழுந்திருக்கும் நம் ஊரில் அந்தக் கேள்வி சீட்டில் ஏறவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி, தொழில்நோய் என்று தோன்றினால் வைத்தியம் பார்த்த டாக்டரே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. முதலாளிக்கு மட்டும் உள்ள கடமை இல்லை. அந்த நோய்ப் பட்டியலில் பஞ்சுத் தூசு நோய் இருந்தது. இரைச்சலால் காது கேளாமல் போவதும் இருந்தது. இப்போது வந்திருக்கும் புதிய சட்டத் தொகுப்பிலும் டாக்டருக்கு இந்தக் கடமை உண்டு.

ஏன் எழுதுவதில்லை? டாக்டரைத் திட்டி என்ன பயன்? சின்ன ஊர். மில்காரரும் அவரும் ஒரே கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர்கள். தனி ஆளாக ஒரு காகிதம் எழுதினால் நாளைக்கு முகம் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணும் இறங்கும்போது, "யார்ட்டயும் சொல்லிராதீங்க சார், வேலை போயிரும்" என்றுதான் சொன்னாள். இரண்டு பக்கமும் பயம்.

தனி ஆளால் முடியாததைச் செய்யத்தானே சங்கம்? நம் ஊர் டாக்டர்கள் சங்கம் ரத்ததான முகாம் நடத்துகிறது, மரம் நடுகிறது. நல்ல காரியம். ஆனால் "இனி எங்கள் எல்லோர் சீட்டிலும் தொழில் என்று ஒரு வரி இருக்கும், சந்தேகம் வந்தால் எல்லோரும் எழுதுவோம்" என்று ஒரு தீர்மானம் போட்டால், எந்த டாக்டர் எழுதினார் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. ஒரு திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் குழாயில் ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்த்தால் வித்தியாசம் எண்ணிலேயே வந்துவிடும்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் இடங்களையும் நினைத்துப் பாருங்கள். நாலைந்து பேர் வேலை செய்யும் தறிக் கொட்டகைக்குத் தொழிற்சாலைச் சட்டம் எட்டாது, ஆய்வாளர் வரமாட்டார். ஆனால் அவர்களும் இருமினால் டாக்டரிடம்தானே போகிறார்கள்? ஊருக்கெல்லாம் புண்ணுக்குக் கட்டுப்போடத் துணி கொடுக்கிறவர்கள் அவர்கள்.

சங்கம் என்றாலே நல்லது செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 1978இல் பஞ்சுத் தூசிக்கு அரசாங்கம் அளவு விதித்தபோது, ஜவுளி முதலாளிகள் சங்கம் செலவு அதிகம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981இல் தோற்றது. நூல் அறுந்தால் முதலாளிகள் கோயம்புத்தூர் சிட்ரா வரைக்கும் போய்க் காரணம் கேட்பார்கள். மூச்சு அறுந்தால் கேட்க வேண்டியவர்கள் வேறு.

என் கையும் சுத்தமில்லை. ஆசிரியர் சங்கத்தில் பல வருஷம் பொறுப்பில் இருந்தவன் நான். பஞ்சப்படிக்கும் ஊதியக்குழுவுக்கும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகுதான், கூரைக் கொட்டகை வகுப்புகளைப் பற்றி ஒரு கூட்டத்திலாவது நான் வாய் திறந்தேனா என்று யோசித்தேன். இல்லை. அது எங்கள் கோரிக்கைப் பட்டியலிலேயே இல்லை. அன்று ராத்திரி தூங்கவில்லை.

என்னிடம் படித்து டாக்டரானவர்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறீர்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைப் பேச்சுக்கு எடுக்க முடியுமா? "சாருக்கு வயசாயிருச்சு, நடைமுறை தெரியல" என்று தோன்றினால் அதையும் கீழே எழுதுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வாருங்கள், சண்டை போடலாம். வரும்போது யாராவது அந்தப் பெண்ணை ஒருமுறை பார்க்கச் சம்மதித்தால், பஸ் செலவு என் பொறுப்பு. நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.