திறப்பை அவையிட்டக் குடுங்கோ

எங்கட பெரியம்மாவிட்ட பனையோலைக் கைப்பணிக்கு மூன்று சான்றிதழ் இருக்கு. நாலாவது பயிற்சிக்கும் கூப்பிட்டிருக்கினம். நீத்துப்பெட்டி இழைக்க அவவுக்கு ஆரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. இருந்து வேலை செய்ய இடம்தான் இல்லை.

குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து, சாயத்தில் அவித்து, திரும்பவும் காயவைக்க வேணும். எல்லாத்துக்கும் சமைக்கிற அதே அடுப்பு, அதே விறாந்தை. மாரி தொடங்கினால் முடிஞ்சுது. கார்த்திகை ஈரத்தில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும். நத்தாருக்கு வந்த ஓடரை விடவேண்டியதுதான். இதுக்குள்ள 'தொழில்முனைவோர்' எண்டு பட்டம் வேற!

யாழ்ப்பாண ரவுனில் மடிக்கணினியோட போய் இருந்து வேலை செய்யிற இடங்களைப் பற்றிப் பெருமையாக் கதைக்கிறம். நல்லது. அங்க சாயக் கிடாரம் வைக்க விடுவினமோ?

புதுக் கட்டடம் ஒண்டும் கேக்கேல்லை. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கு. காலமை பேப்பர் பார்த்து முடிஞ்சால் கனஇடத்தில் பூட்டித்தான் கிடக்கு. பின்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில், பெரிய அடுப்பு, ஓலை காயக் கொடி, ரெண்டு தையல் மெசின், ஒரு அலுமாரி. அஞ்சு பேரின்ர பெட்டியும் ஒரே லொறியில் கொழும்புக்குப் போகும்.

"பொம்பிளையள் சேர்ந்தால் சண்டை வரும்" எண்டு நிர்வாகத்து ஐயாமார் சொல்லுவினம். எங்கட விளையாட்டுக் கழகத்தில் வராத சண்டையோ? அதுக்காக ஆரும் மைதானத்தைப் பூட்டேல்லையே.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போற பெடியள், பெட்டையள் இதைக் கட்டாயம் கேளுங்கோ. கொட்டில் மட்டும் காணாது, திறப்பும் வேணும். நாலு மணிக்குப் பூட்டினால் பெரியம்மாவுக்கு உதவாது. வீட்டுவேலை முடிச்சு அவ இழைக்கக் குந்திறதே அதுக்குப் பிறகுதான்.