பருவிலும் மூன்று படி

முதலியார்பேட்டையில் என் அக்கா வீட்டுக்குப் போனால், வாசலுக்கு முதலில் ஓடி வருகிறவள் அவள் பெண்தான். இந்தப் பொங்கலுக்குப் போனபோது அவளைக் காணவில்லை. "முகத்தில் பரு. காலேஜுக்கே போக மாட்டேன் என்கிறாள்" என்றாள் அக்கா.

உள்ளே போய்ப் பார்த்தேன். பரு போதாதென்று முகமெல்லாம் சிவந்து கிடந்தது. "எனக்குக் கேட்டது" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த களிம்பாம்! அது ஸ்டீராய்டு கலந்தது. பூசினால் பரு அமுங்கினாற்போல் இருக்கும், விட்டால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், தோலும் மெலிந்துவிடும். இத்தகைய 14 பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது சும்மாவா?

கோரிமேட்டிலே ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்க, கவலை எதற்கு? மறுநாளே தோல் பிரிவுக்கு அழைத்துப் போனோம்.

சகோதரிகளே, பரு எல்லாம் ஒன்றல்ல.

முதற்படி, கரும்புள்ளியும் அங்கங்கே சிறு பருவும். இதற்குப் பூச்சு மருந்தே போதும். அடாபலின் களிம்பைப் பட்டாணி அளவு எடுத்து, இரவில் முகம் முழுவதும் தடவ வேண்டும். பென்சாயில் பெராக்சைடும் நல்லதே. ஆனால் பட்ட துணி வெளுத்துவிடும். பழைய தலையணை உறையாகப் போடுங்கள்!

இரண்டாம் படி, முகமெங்கும் சிவந்து சீழ் வைத்த பரு. பூச்சோடு டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையும் மூன்று மாதம் வரை கொடுப்பார்கள். அதற்கு மேல் நாமாக நீட்டினால் கிருமிகள் மருந்துக்கு மசியாமற் போகும்.

மூன்றாம் படி, கட்டி கட்டியாக வலித்துத் தழும்பு விழுவது. இதற்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. தோல் டாக்டரின் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும். இது கருவிலுள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடவே கூடாது. கல்யாணம் நிச்சயமான பெண்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு அடாபலினும் டாக்சிசைக்ளினும்கூட ஆகாது.

மாதவிலக்கு ஒழுங்காக வராமல் பருவும் இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தப் படியானாலும் பருவைக் கிள்ளாதீர்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பொறுமை வேண்டும்.

எங்கள் பெண்ணுக்கு இரண்டாம் படி. சித்திரை பிறந்ததும் மறுபடி போனேன். முகம் முக்கால்வாசிதான் தெளிந்திருந்தது. ஆனால், "சித்தி!" என்று வாசலுக்கு ஓடி வந்தவள் அவள்தான்.