முகம் மறைத்தால் போதுமா?

முல்லைத்தீவில் பெருங்கடல் கிழக்கே இருப்பதால், சூரியன் மறைவது நந்திக்கடல் பக்கமாகத்தான். வட்டுவாகல் பாலத்தில் மாலையில் செல்பி எடுக்கும் இளையோரைக் கவனிக்கிறேன். கைத்தொலைபேசித் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். ஆள் கறுத்த நிழலுருவாகி, முகம் மறைந்துவிடுகிறது.

பலருக்கு இது அழகுக்கான படம். ஆனால் மே மாதத்தில் இதே படத்தை முகநூலில் இடுவதற்கு வேறு காரணமும் உண்டு. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எஞ்சிய மக்கள் இந்தப் பாலத்தால்தான் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போனார்கள். அங்கு சரணடைந்த பலர் இன்றுவரை திரும்பவில்லை. அவர்களின் முகங்களை ஏந்தித்தான் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அந்தப் போராட்டங்களுக்கு வருவோரைப் புலனாய்வாளர்கள் படமெடுப்பது நாம் அறிந்ததே.

ஆகவே பிள்ளைகள் முகத்தை மறைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதுகாப்பாகாது. பதிவிட்ட கணக்கும் நேரமும் மறைவதில்லை. 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், நினைவேந்தல் தொடர்பான முகநூல் பதிவுகளுக்காகவும் இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

அந்தச் சட்டம் முற்றாக நீக்கப்பட வேண்டும். இறந்தவரை நினைப்பவர் முகம் காட்டுவதா, நிழலாக நிற்பதா என்பதை அச்சமின்றித் தானே முடிவுசெய்ய வேண்டும்.