தேடினா கிடைக்காத சோழிங்கநல்லூர்

தமிழ்ல தேடினா ரிசல்ட் வரலைன்னதும் நம்மாளுங்க உடனே சர்வருக்கு மெமரி ஏத்தச் சொல்றாங்க. என்னைக் கேட்டா, முதல்ல எழுத்தைப் பாருங்கப்பா!

முகவரிப் பட்டியல்ல எங்க பெரும்பாக்கத்தைத் தேடினா ஒழுங்கா வரும். பக்கத்து சோழிங்கநல்லூர் மட்டும் பாதிதான் வரும். வில்லன் அந்த 'சோ'. யூனிகோட்ல ஓகாரக் குறியை ஒரே குறியீடாவும் வைக்கலாம். கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டாவும் வைக்கலாம். திரையில ஒரே மாதிரிதான் தெரியும். பைட் பைட்டா ஒப்பிடற டேட்டாபேஸுக்கு ரெண்டும் வேற ஊர். "லிஸ்ட்ல உங்க பேரே இல்லையே"ன்னு கவுன்டர்ல சொன்னா, வரிசையில நிக்கற பாட்டிக்கு யூனிகோட் பத்தியா தெரியும்?

இதுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 'சோ'வை விட்டுட்டு 'ழிங்கநல்லூர்'னு ரெண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு லைக்ல தேடறது. கிடைக்கும், ஆனா சாதாரண இன்டெக்ஸ் உதவாது. அகராதியில 'நல்லூர்'னு முடியற சொல்லையெல்லாம் தேடற கதைதான், மொத்தப் பக்கத்தையும் புரட்டணும். அப்புறம் "க்வெரி ஸ்லோ"ன்னு புலம்பல்!

சேமிக்கும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திடுங்க. தேடற சொல்லையும்தான். போஸ்ட்கிரஸ் 13ல (2020) இதுக்குன்னே நார்மலைஸ் ஃபங்ஷன் வந்தாச்சு.

கௌரிக்கு மட்டும் இது போதாது. ஔகாரக் குறிக்குப் பதிலா 'ள'வையே தட்டி 'கெளரி'ன்னு வெச்சிருந்தா என்எஃப்சி தொடாது, தனி விதி எழுதணும். அதையும் கண்ணை மூடிக்கிட்டு எழுதினா கெளுத்தி மீன் செத்துடும் :-)